அரசுச் செய்திகளைப் பொருளியல் பாடத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி? பெங்களூரு எடுத்துக்காட்டுகளுடன் ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூவிலோ பி.யு.சி.யிலோ பொருளியல் எடுத்தவர்களுக்குத் தேவைக் கோடு, அளிப்புக் கோடு, நெகிழ்ச்சி, வாய்ப்புச் செலவு எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் காலையில் பேப்பரைப் பிரித்து 'மெட்ரோ கட்டணம் உயர்வு' என்ற தலைப்பைப் பார்த்ததும் அந்தப் பாடம் நினைவுக்கு வருவதில்லை. எந்தக் கட்சி செய்தது என்பதுதான் முதலில் வருகிறது. பெங்களூரு அல்சூரில் ஞாயிறு காலைகளில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து தமிழ், கன்னட, இங்கிலீஷ் பேப்பர்களைப் பிரித்து மேய்வது என் பழக்கம். அங்கே நாங்கள் வைத்திருக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றுதான். அரசு ஒன்றை அறிவிக்கிறது, செய்தி அந்த அறிவிப்போடு நின்றுவிடுகிறது. அதைக் கேட்ட ஜனங்கள் மறுநாளிலிருந்து என்ன செய்வார்கள் என்பது செய்தியில் இருக்காது. அந்த மிச்சப் பாதியை நாமே எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு, பென்சில், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

படி 1: செய்தியைப் பொறுக்குங்கள்

அமைச்சர் சாடினார், எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது, வல்லுநர்கள் கவலை தெரிவித்தார்கள் வகைச் செய்திகளைத் தள்ளிவிடுங்கள். ஒரு விலை, வரி, மானியம், தடை, ஒதுக்கீடு இவற்றில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். எப்போதிலிருந்து, பழைய எண் என்ன, புதிய எண் என்ன என்ற மூன்றும் கிடைக்க வேண்டும். மத்திய அரசு விஷயம் என்றால் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் குறிப்புகள் தமிழிலேயே கிடைக்கும். கர்நாடக அரசாணைகள் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம்.

படி 2: ஒரே வாக்கியமாகச் சுருக்கி, சதவீதம் போடுங்கள்

"2025 பிப்ரவரி 9 முதல் பெங்களூரு 'நம்ம மெட்ரோ'வின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆனது, குறைந்தபட்சம் 10 ரூபாயாகவே இருந்தது." இவ்வளவுதான் வேண்டும். யார் கண்டித்தார்கள், யார் போராட்டம் அறிவித்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம்.

60லிருந்து 90 என்றால் 50 சதவீதம். இந்த இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, இந்த 50 சதவீதம் யாருக்கு? கடைசி ஸ்டேஷன் வரை போகிறவருக்கு. நடுவில் ஏறி இறங்குகிறவர்களில் சிலருக்குக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கூச்சல் எழுந்து, சில நாட்களிலேயே எந்தப் பயணத்துக்கும் உயர்வு 71 சதவீதத்தைத் தாண்டாதபடி திருத்தினார்கள். தலைப்பில் வருகிற சதவீதம் உங்கள் சதவீதமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இரண்டாவது, முந்தைய உயர்வு எப்போது? 2017இல். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்: எட்டு ஆண்டில் 60 ரூபாய் ஏறக்குறைய 89 ரூபாய் ஆகும். அப்படியானால் அதிகபட்சக் கட்டணம் உண்மை மதிப்பில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 71 சதவீதம் ஏறிய நடுத்தரத் தூரப் பயணிக்கு இந்தச் சமாதானம் செல்லாது. எட்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றியது நிர்வாகக் கோளாறு என்பது என் கருத்து. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது.

படி 3: யாருக்கு வேறு வழி இருக்கிறது என்று பாருங்கள்

தேவை நெகிழ்ச்சி என்று சூத்திரத்தோடு படித்ததை இந்த ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்: விலை ஏறினால் இந்த ஆளுக்கு வேறு வழி இருக்கிறதா?

ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் போகிறவருக்கு மாற்று வழி என்றால் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொள்வதுதான். முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு இரண்டே ஸ்டேஷன்; ஸ்கூட்டரை எடுப்பார், இல்லையென்றால் நடப்பார். பெண் பயணிக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் கிடையாது. ஆகவே மெட்ரோ விலை ஏறும்போது ஆண்களைவிடப் பெண்கள் சுலபமாக விலக முடியும். மெட்ரோ செய்தியைப் படிக்கும்போது பஸ் செய்தியையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இப்போது வருமானக் கணக்கு. 100 பேர் தலா 40 ரூபாய் கொடுத்தால் 4,000. கட்டணம் 60 ஆனபின் 67 பேர் வந்தாலே 4,020. மூன்றில் ஒருவர் விலகும்வரை நிர்வாகத்துக்கு நஷ்டமில்லை. நடந்தது என்ன? தினசரி எட்டு லட்சத்துக்கு மேல் இருந்த பயணங்கள் அடுத்த வாரங்களில் ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்ததாகச் செய்திகள் வந்தன. பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல்; மூன்றில் ஒன்றுக்கு வெகு தூரம். மெட்ரோவின் கல்லாவைப் பொறுத்தவரை உயர்வு பலித்தது.

ஆனால் விலகிய அந்த லட்சத்தில் ஒரு பகுதி மறுபடி டூ வீலரில் ரோட்டுக்கு வந்திருக்கும். அவர்களால் மற்றவர்களுக்கு ஆகும் தாமதமும் புகையும் மெட்ரோவின் வரவு செலவுக் கணக்கில் எங்கேயும் ஏறாது. பாடத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். பொதுப் போக்குவரத்துக்கு அரசு மானியம் தருவதற்குச் சொல்லப்படும் காரணங்களிலேயே வலுவானது இதுதான். கட்டண உயர்வை ஆதரித்துப் பேசியவர்களும் இதைத் தொடவில்லை, எதிர்த்தவர்களில் பலரும் தொடவில்லை.

இதில் மாட்டிக்கொள்ளக்கூடிய பொறி ஒன்று உண்டு. 2025 ஆகஸ்ட் 10இல் ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மஞ்சள் தடம் திறந்தது. உடனே தினசரிப் பயணம் 10 லட்சத்தைத் தாண்டியது. "பார்த்தீர்களா, கட்டணம் ஏற்றியும் கூட்டம் கூடிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் "பிற காரணிகள் மாறாதிருக்கும்போது" என்ற வரியைக் காட்டுங்கள். தடமே நீண்டிருக்கிறது. பழைய தடங்களில் மட்டும் எவ்வளவு பேர் போகிறார்கள் என்று பார்த்தால்தான் கட்டணத்தின் விளைவு தெரியும்.

படி 4: உச்ச விலை என்றால், விலை வேறு எந்த வழியில் வெளியே வருகிறது என்று தேடுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். நம் ஊரில் உச்ச விலைச் செய்திகள் அடிக்கடி வரும். ஆட்டோ, மருந்து, சினிமா டிக்கெட் என்று எதிலாவது அரசு ஒரு வரம்பு போட்டுக்கொண்டே இருக்கும். 2024 மார்ச் மாதத் தண்ணீர் லாரி விவகாரம் எல்லாவற்றிலும் நல்ல உதாரணம்.

2023 பருவமழை பொய்த்தது. நகரத்தின் அரசு போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக மாநில அரசே சொன்னது. டேங்கர் லோடின் விலை தாறுமாறாக ஏற, மாவட்ட நிர்வாகம் வரம்பு போட்டது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. அதற்கு மேல் 10 கிலோமீட்டர் வரை 750, 850, 1,200.

நோட்டில் படம் போடுங்கள். நின்ற கோட்டில் விலை, படுத்த கோட்டில் லோடுகள். அளிப்புக் கோட்டை இடப்பக்கம் தள்ளுங்கள், நிலத்தடி நீர் வற்றியதால். இரண்டு கோடுகளும் வெட்டுகிற புள்ளி மேலே போகும். அந்தப் புள்ளிக்குக் கீழே அரசின் விலையைப் படுக்கைக் கோடாகப் போடுங்கள். கேட்கும் லோடுகளுக்கும் கிடைக்கும் லோடுகளுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அந்த இடைவெளி நிஜத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் நாம் எழுத வேண்டிய பாதி.

ஹொரமாவு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் அந்த மாதம் அசோசியேஷன் செயலாளரும் டேங்கர் டிரைவரும் பேசிக்கொண்டது இப்படி:

"ரேட் எவ்ளோப்பா?"

"கவர்மென்ட் ரேட்தான் சார், ஒரு ரூபா கூட சேர்த்து வாங்க மாட்டேன். ஆனா வண்டி நாளன்னைக்குத்தான் வரும்."

"இன்னைக்கே வேணும்னா?"

"இன்னைக்கு வேணும்னா ஓனர்கிட்ட பேசிக்கங்க சார். பில்லு கேக்காதீங்க."

டிரைவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், பொருளியல் படித்தவன் இல்லை. உச்ச விலைப் பாடத்தை மூன்றே வரியில் சொல்லிவிட்டான். விலை அங்கே நின்றுவிட்டது, காத்திருப்பு ஏறிவிட்டது. காத்திருக்க முடியாதவருக்குப் பில் இல்லாத வேறு விலை. இவை தவிர முழு லோடு ஊற்றாமல் கிளம்புவது, ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இடத்தை ஆறு என்று சொல்வது போன்ற வழிகளும் உண்டு. எந்த உச்ச விலைச் செய்தியைப் படித்தாலும் நேரம், தரம், அளவு, கறுப்புப் பணம் இந்த நான்கில் எதில் விலை ஒளிந்துகொள்கிறது என்று வரிசையாகக் கேளுங்கள்.

இதை வைத்து "அப்படியானால் விலைக் கட்டுப்பாடே தப்பு" என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பாடப்புத்தகம் அப்படிச் சொல்லத் தூண்டும். விலை ஏறினால் அளிப்பு கூடும் என்பது நெடுநாள் கணக்கு. நிலத்தடியில் தண்ணீரே இல்லாத மார்ச் மாதத்தில் லோடு 1,000 ஆனாலும் 2,500 ஆனாலும் ஊற்று அதிகமாகிவிடாது. இன்னும் தூரத்து ஊர்களிலிருந்து கொஞ்சம் வரும், அவ்வளவுதான். அளிப்புக் கோடு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும்போது உச்ச விலையால் குறையும் தண்ணீர் கொஞ்சம். லாரி ஓனரிடமிருந்து குடும்பங்களுக்கு மாறும் பணம் நிறைய. எனவே ஒரு சில மாதத்துக்கு இந்த வரம்பு அத்தனை முட்டாள்தனம் இல்லை. விலை செய்திருக்க வேண்டிய இன்னொரு வேலை, வீண் உபயோகத்தைக் குறைப்பது. அதை அரசு அபராதம் மூலம் செய்யப் பார்த்தது: குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய்.

இப்போது அந்த நாட்களில் பேப்பரில் அதிகம் வராத கணக்கு. வரம்பு போட்ட விலையிலேயே 12,000 லிட்டர் 1,000 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய். சின்ன லோடு என்றால் 100 ரூபாய். குடிநீர் வாரியத்தின் காவிரி இணைப்பு உள்ள வீட்டுக்கு அப்போது முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். 50,000 லிட்டருக்கு மேல் போனாலும் 45தான். குழாய் வராத ஹொரமாவுக்காரர் மல்லேஸ்வரக்காரரைவிடப் பத்து மடங்குக்கு மேல் கொடுக்கிறார், அதுவும் அரசு 'கட்டுப்படுத்திய' விலையில். மலிவு விலை என்ற சலுகை குழாய் இருப்பவருக்குப் போகிறது, குழாய் இல்லாதவருக்குக் கிடைப்பது லாரி. 2025 ஏப்ரலில் பதினோரு வருடம் கழித்து வாரியம் கட்டணத்தை ஏற்றியது. முதல் படிநிலைக்கு லிட்டருக்கு 0.15 பைசா, அதாவது ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய். அதற்கு எழுந்த கூச்சலையும் டேங்கர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பொதுவளத்தில் வரும் சிக்கல். நிலத்தடி நீருக்கென்று தனி உரிமையாளர் இல்லை, போர்வெல் போட்டு எடுத்தவருக்கு எடுத்த தண்ணீர் சொந்தம். நான் 800 அடி போட்டால் நீ 1,200 அடி போடுவாய். இதை லாரி வாடகைக்கு வரம்பு போட்டுச் சரிசெய்ய முடியாது. 2024 அக்டோபரில் திறந்த காவிரி ஐந்தாம் கட்டம் நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரக் கட்டப்பட்டது. டேங்கர் விலை உண்மையில் இறங்குமானால் அந்தக் குழாயால்தான் இறங்கும். காவிரி என்றாலே இங்கே நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஆனாலும் 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீரைக் கணக்கில் எடுத்து 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்ததும், அது டெல்டாவின் கணக்கில் குறைந்ததும் வாய்ப்புச் செலவுப் பாடம்தான் (ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றைக் கைவிட வேண்டும்) என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

படி 5: வரிச் செய்தி என்றால் வகுத்துப் பெருக்கிப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது. நந்தினி நெய் லிட்டர் 650லிருந்து 610 ஆனது. முழுச் சலுகையும் வந்ததா? 650ஐ 1.12ஆல் வகுத்தால் வரி இல்லாத விலை 580 ரூபாய் 36 பைசா. அதை 1.05ஆல் பெருக்கினால் 609 ரூபாய் 38 பைசா. ஆக, ஏறக்குறைய முழுதும் வந்தது. இதே கணக்கை உங்கள் வீட்டு சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கும் அந்தந்தப் பொருளின் பழைய, புதிய விகிதத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய பாக்கெட் ஒன்று அலமாரியில் கிடந்தால் நல்லது. விலை அப்படியே இருக்கிறது என்றால் கிராம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நவம்பரில் அதே நெய் 700 ரூபாய் ஆனது. "ஜி.எஸ்.டி. குறைச்சது எங்கே போச்சு?" என்று கடையில் ஒரு அம்மா கேட்டால் என்ன பதில்? 700ஐ 1.05ஆல் வகுத்து 1.12ஆல் பெருக்குங்கள்: 747 ரூபாய். வரி குறையாமல் இருந்து, இந்த உயர்வு மட்டும் வந்திருந்தால் அந்த அம்மா கொடுத்திருக்க வேண்டியது அது. நேற்றைய விலையோடு மட்டும் ஒப்பிட்டால் கொள்கையின் விளைவு தெரியாது. கொள்கை இல்லாதிருந்தால் இன்றைக்கு என்ன விலை என்பதோடு ஒப்பிட வேண்டும்.

படி 6: கடைசி ஒன்றின் விலையைக் கண்டுபிடியுங்கள்

பாடத்தில் 'இறுதிநிலை' என்ற சொல் வரும்போதெல்லாம் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். கர்நாடகத்தின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியை வைத்துச் சொன்னால் எழுந்து உட்காருகிறார்கள். 2023 ஜூலையிலிருந்து நடக்கும் இந்தத் திட்டத்தில், தொடங்கியபோது வைத்த விதிப்படி, வீட்டின் பழைய சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து வரும் யூனிட்டுகள் இலவசம். அதற்கு மேல் 200 வரை, கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும்.

சராசரி 185 யூனிட் உள்ள ஒரு வீடு. யூனிட் சுமார் 6 ரூபாய் என்று வையுங்கள். 199ஆவது யூனிட் இலவசம். 200ஆவதும் இலவசம். 201ஆவது யூனிட்டின் விலை? 1,200 ரூபாய்க்கு மேல். மாதக் கடைசியில் கீசரை அணைக்கச் சொல்லி வீட்டில் குரல் எழும்புவது இதனால்தான். மாடியில் குடியிருப்பவருக்குத் தனி மீட்டர் போட ஓனர் திடீரென்று சம்மதிப்பதும் இதனால்தான். வரம்பைத் தாண்டினால் எல்லாம் போய்விடும் என்று எந்தத் திட்டத்தில் எழுதியிருந்தாலும், வரம்புக்குச் சற்றுக் கீழே கூட்டம் சேரும். வருமான வரம்பு வைக்கும் ரேஷன் அட்டையிலும் இதே கதை.

சக்தி பஸ்ஸையும் இந்தக் கண்ணால் பாருங்கள். பகல் இரண்டு மணிக்குப் பாதி காலியாக ஓடும் பஸ்ஸில் இன்னொரு பெண் ஏறினால் போக்குவரத்துக் கழகத்துக்குக் கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். காலை எட்டரைக்கு ஏறினால் பூஜ்யம் இல்லை. இன்னொருவர் படியில் தொங்க வேண்டும் அல்லது இன்னொரு பஸ் விட வேண்டும். ஆகவே "இலவசத்தால் நஷ்டம்", "இலவசத்தால் ஒன்றும் குறையவில்லை" என்ற இரண்டு பேச்சும் நேரத்தைச் சொல்லாமல் பேசுகின்றன. ஸ்ரீராம்புரத்திலிருந்து கோரமங்களாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பஸ் காசு மிச்சம் என்பதால், தூரத்தில் நாலு காசு அதிகம் தரும் வீட்டை இப்போது அவரால் ஒத்துக்கொள்ள முடிகிறது. பயண மானியமாகத் தொடங்கியது கூலிச் சந்தையில் போய் வேலை செய்கிறது.

படி 7: கோடிகளை உடைத்து, பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள்

கோடிகள் நம்மை மிரட்டுவதற்கென்றே அச்சாகின்றன. சக்தி, கிருஹ ஜோதி உள்ளிட்ட கர்நாடகத்தின் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு 2024-25 பட்ஜெட்டில் சுமார் 52,000 கோடி. மொத்த பட்ஜெட் 3.71 லட்சம் கோடி. ஆக 14 சதவீதம். மாநில மக்கள்தொகை சுமார் 7 கோடி என்றால் தலைக்கு மாதம் 620 ரூபாய். இப்போது பேசலாம்.

ஹெப்பாளம் - சில்க் போர்டு சுரங்கச் சாலைக்குச் சொல்லப்பட்ட மதிப்பீடு 17,000 கோடிக்கு மேல், நீளம் 16 கிலோமீட்டர் சொச்சம்: கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடி. மஞ்சள் தட மெட்ரோ 19 கிலோமீட்டருக்குச் சுமார் 7,160 கோடி. அந்தச் சுரங்கப் பணத்தில் இரண்டே காலுக்கு மேல் மஞ்சள் தடம் வரும். வாய்ப்புச் செலவை எழுதும்போது "இந்தப் பணத்தில் எவ்வளவோ செய்யலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. கைவிடப்படும் அடுத்த நல்ல காரியம் எது என்று பெயர் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குத் தனியார் முதலீடும் சுங்கமும் உண்டு என்பதால் எல்லாம் அரசுப் பணம் ஆகாது என்பதையும் அடியில் குறிப்பிடுங்கள்.

படி 8: செய்தியில் பேர் வராத ஆளைத் தேடுங்கள்

2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. நோக்கம் நியாயமானது: ஏற்றுமதி குறைந்தால் உள்ளூரில் வரத்து கூடும், விலை இறங்கும், நகரத்துக்காரர் பிழைப்பார். பேர் வராத ஆள் சிக்கபள்ளாபூர், கோலார் விவசாயி. அவர்கள் விளைவிக்கும் பெங்களூர் ரோஸ் வெங்காயத்தை இங்கே பெரும்பாலும் யாரும் சமைப்பதில்லை. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போகிற சரக்கு. அதை உள்ளே தடுத்து நிறுத்தினால் நம் சாம்பாருக்கு ஒன்றும் மலிவாகாது, விவசாயிக்கு மட்டும் அடி. செப்டம்பர் 29இல் அந்த ரகத்துக்கு மட்டும் வரி விலக்கு வந்தது. மாநிலத் தோட்டக்கலை ஆணையரின் சான்று வேண்டும் என்ற நிபந்தனையோடு. 'வெங்காயம்' என்று ஒரே பெயரில் இருந்தாலும் அது இரண்டு சந்தை.

படி 9: விலைவாசி எண்ணில் ஏமாறாதீர்கள்

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்தது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். முந்தைய வருடம் அதே அக்டோபரில் 6.21. 2023இல் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை 2024இல் 106.21, 2025இல் 106.48. ஏறுவது நின்றது, ஏறியது இறங்கவில்லை. 2024இல் காய்கறி உச்சத்தில் இருந்ததால் 2025 எண் சின்னதாகத் தெரிந்தது. இந்தக் கூடையில் வீட்டு வாடகைக்குக் கொடுத்திருக்கும் இடம் நாடு முழுவதற்குமான சராசரி, பி.டி.எம். லேஅவுட்டில் வாடகைக்கு இருப்பவரின் கூடை வேறு. ஆனாலும் ரிசர்வ் வங்கி பார்ப்பது நாட்டு எண்ணைத்தான். 2025இல் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 6.50லிருந்து படிப்படியாக 5.25 வரை இறங்கியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

படி 10: கணிப்பை எழுதி, தேதி போடுங்கள்

நோட்டின் இடப்பக்கம் சரிபார்க்கக் கூடியவை மட்டும். வலப்பக்கம் உங்கள் விருப்பு வெறுப்பு. "பெண்கள் பஸ்ஸுக்கு மாறுவார்கள்" இடப்பக்கம். "பெண்களுக்கு இலவசம் தருவது நியாயம்" வலப்பக்கம். சண்டை வரும்போது இரண்டு பேரும் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறோம் என்று பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கும். பிறகு இடப்பக்கத்துக்குக் கீழே ஒரு கணிப்பும், அதைச் சோதிக்கும் தேதியும். மூன்று மாதம் போதும்.

தொடங்க ஒரு செய்தி தருகிறேன். 2025 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு ஆட்டோ மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 30லிருந்து 36, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15லிருந்து 18. இரண்டுமே 20 சதவீதம். மீட்டர் கட்டணம் ஏறினால் மீட்டர் போட்டு வருகிற ஆட்டோக்கள் கூடுமா, குறையுமா? ஏதாவது ஒரு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு இடத்துக்கு ஐந்து ஆட்டோக்காரர்களிடம் ரேட் கேட்டு எழுதுங்கள். மீட்டர்படி 36 கூட்டல் 54, ஆக 90 ரூபாய். ஆப்பில் காட்டும் தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். மழை பெய்யும் ஒரு சாயங்காலம் போய் அதே இடத்துக்கு இன்னொரு தடவை கேளுங்கள்.